எல்லோருக்கும் 18

அன்புள்ள சிஸ்டர்,

மாட்டுங்காவில் வசிக்கிறேன். செவிலியாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வார்டில் மானிட்டரும் சலைன் ஏற்றும் பம்ப்பும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றன. சம்பளமும் குறைவு. மருத்துவமனை மென்பொருள் பயிற்சிக்குப் போய்விடலாமா? 38 ஆண்டுகள் பணியாற்றிய நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

வயதை எண்ணி ‘நீ’ என்றே எழுதுகிறேன். சம்பளத்தைப் பற்றிய உன் வருத்தம் நியாயமானது. அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. பம்ப் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில், ஒரு லிட்டர் சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 42 சொட்டு என்று, கட்டில் கட்டிலாக நின்று எண்ணியவள் நான்.

ஆனால் ‘எல்லாவற்றையும்’ என்று எழுதினாயே, அங்கேதான் கோபம் வந்தது. மூச்சை யார் எண்ணுகிறார்கள்? நோயாளி புரண்டாலோ இருமினாலோ மானிட்டர் காட்டும் மூச்சுக் கணக்கு தடுமாறும்; இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பெரும்பாலும் அதைக் காட்டுவதே இல்லை. உடல் தவிக்கும்போது மூச்சு வேகமெடுக்கிறது. அந்த வேகமே ஆக்ஸிஜனைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிப்பதால், ஆள் உள்ளே தோற்றுக்கொண்டிருக்கையில் திரையில் ஆக்ஸிஜன் 96 சதவீதம் என்று சலனமின்றி நிற்கும். நாமோ எண்ணாமலே எல்லோருக்கும் நிமிடத்துக்கு 18 மூச்சு என்று, இயல்பான கணக்கை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறோம்.

‘நாம்’ என்பதில் நானும் உண்டு. 2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பின் மும்பையில் எலிக்காய்ச்சல் பரவிய நாட்கள். இடுப்பளவு நீரில் நடந்து வந்த தாராவிக்காரர் ஒருவர், கெண்டைக்கால் வலியும் காய்ச்சலுமாக எங்கள் வார்டில் படுத்திருந்தார். இரவு பத்து மணிக்கு 18 என்று எழுதினேன், எண்ணவில்லை. பன்னிரண்டரைக்குத் தண்ணீர் கேட்டவர், “அக்கா” என்று சொல்லி, மூச்சு வாங்கிவிட்டு, “தண்ணி” என்றார். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும். போர்வையின் மடிப்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் பார்த்தேன். 34. ஆக்சிமீட்டரில் அப்போதும் 95. மருத்துவரை எழுப்பினேன், விடிவதற்குள் நுரையீரலில் இரத்தம் கசிந்து, அவரை வென்டிலேட்டரில் வைக்க வேண்டியதாயிற்று.

பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் நாளில் அவர் மனைவி என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 18 என்று எழுதியதும் அந்தக் கைதான்.

பயிற்சிக்குப் போவது உன் விருப்பம், யோசித்து முடிவு செய். நேற்றிரவு உன் வார்டில் எத்தனை பேருக்கு 18 எழுதினாய் என்பதை மட்டும் எனக்கு எழுது.