மூன்றாம் வகுப்புக்கு எதற்குப் பனிக்கரடி?

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். புவி வெப்பமயமாதலை விளக்க, பனி உருகி இரையில்லாமல் மெலிந்த கரடியின் வீடியோவைக் காட்டினேன். ஒரு குழந்தை, "நாமளும் செத்துப்போயிடுவோமா டீச்சர்?" என்று கேட்டு அழுதுவிட்டாள். பிளாஸ்டிக் தொட மாட்டேன், மின்விசிறியை அணைப்பேன் என்று உறுதிமொழியும் எடுக்கவைத்திருக்கிறோம். இந்த வயதுக்கு எவ்வளவு சொல்லலாம்?

ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

கரடியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அதை மாற்ற வேண்டியவர்கள் பெரியவர்கள். எட்டு வயதுப் பிள்ளை மின்விசிறியை அணைத்தால் நல்ல பழக்கம், அவ்வளவுதான். உலகம் பிழைப்பது அவள் கையில் என்று சொன்னால் அழாமல் என்ன செய்வாள்?

அப்புறம், பள்ளிச் சார்ட்டுகளில் பிளாஸ்டிக், ஓசோன் ஓட்டை, வெப்பமயமாதல் மூன்றையும் ஒரே குழம்பாக்கிவிடுகிறோம் (அதையும் ஃபிளெக்ஸில் அடித்து மாட்டுவது தனிக் கூத்து). பிளாஸ்டிக் பை மாட்டின் வயிற்றையும் வாய்க்காலையும் அடைக்கும். பூமி சூடாவதற்கு முதல் காரணம் அது இல்லை. நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வரும் கரியமில வாயு காற்றில் சேர்ந்து, வெளியேற வேண்டிய வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. போர்வை என்றால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். உங்களுக்காக ஒரு கணக்கு: தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த அந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

ஓசோன் கதையை அழுத பிள்ளைக்குத் தனியாகச் சொல்லுங்கள். அண்டார்டிகாவுக்கு மேலே, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் வாயு குறைந்துபோனது 1985-இல் தெரியவந்தது. 1987-இல் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. ஓசோனைக் கெடுத்த வாயுக்களின் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்தினார்கள்; இப்போது மெல்ல மெல்லச் சரியாகிவருகிறது.

உங்கள் மாவட்டத்திலேயே கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறதே! வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரண்டுவிடும் என்று அங்கே பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அதை ஊரே சேர்ந்து செய்கிறது, பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டவில்லை. முடிந்தால் வகுப்பை ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். பறவைகள் வந்து தங்கும் மழைக்காலம் ஒட்டிப் போவது நல்லது.

உறுதிமொழிக்குப் பதில் ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் மதியம் வேப்பமர நிழலில் வெப்பநிலை, மழை பெய்ததா, வேம்பு எப்போது பூத்தது என்று பிள்ளைகளே எழுதட்டும். ஒரு வருஷ நோட்டில் வெப்பமயமாதல் தெரியாது, அதை அவர்களிடம் சொல்லியும் விடுங்கள். அடுத்த வருஷ மூன்றாம் வகுப்பிடம் நோட்டை ஒப்படைக்கவேண்டியதுதான். தெர்மாமீட்டர் மட்டும் பாதரசம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், இந்த வயதில் எப்படியும் உடைப்பார்கள்.