மகளுக்குச் சென்னையில் வேலை: எந்த ஏரியா பாதுகாப்பு?

கேள்வி: என் மகளுக்குச் சென்னை பெருங்குடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நவம்பரில் சேர வேண்டும். வாரத்தில் மூன்று நாள் இரவு 10 மணிக்குத்தான் விடுவார்களாம். வேளச்சேரியில் வீடு பார்க்கலாம் என்கிறார் என் கணவர். “வேளச்சேரியா, மழை பெய்தால் மிதக்கும்” என்கிறார் நாத்தனார். கண்ணகி நகர்ப் பக்கமே போகாதீர்கள், அடையாறுதான் நல்ல ஏரியா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யூடியூபைத் திறந்தால் பயம்தான் வருகிறது. கடலூரை விட்டு வெளியே இருந்து பழக்கமில்லாத நாங்கள், ஓர் இடம் பாதுகாப்பானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஏரியா பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வேளச்சேரி என்கிற ஒரே பெயருக்குள் நள்ளிரவு வரை டிபன் கடை திறந்திருக்கும் சாலையும் உண்டு, எட்டரைக்கே ஆள் நடமாட்டம் அடங்கிவிடும் தெருவும் உண்டு. அடையாறிலும் அப்படித்தான். உங்கள் மகள் வாரம் மூன்று இரவு, பத்தரை மணி வாக்கில், வண்டியை விட்டு இறங்கி வாசற்கதவைத் திறக்கும் வரை கடக்கிற அந்தச் சில நூறு அடிகள்தான் நீங்கள் ஆராய வேண்டிய ஏரியா.

முதலில் கம்பெனியிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கச் சொல்லுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்தால் கேப் உண்டா? உண்டென்றால் வாசலில் இறக்கிவிடுவார்களா, மெயின் ரோட்டு முனையிலா? “டிராப் உண்டு” என்ற ஒரு வார்த்தையை நம்பி வீடு பார்த்துவிட்டு, தெரு குறுகல், வண்டி உள்ளே வராது என்று முனையிலேயே இறக்கிவிடுவது சகஜம்.

கேப் இல்லையென்றால் பேருந்தோ ரயிலோதான். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. பெருங்குடி என்று பறக்கும் ரயிலில் ஒரு நிலையம் உண்டு. அது வேளச்சேரிப் பக்கம் இருக்கிறது. ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மாமல்லபுரம் சாலையில், இருக்கும் அலுவலகங்களிலிருந்து இரவில் நடந்துபோகிற தூரமில்லை. “ஸ்டேஷன் பக்கம்” என்று விளம்பரம் போடுகிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பறக்கும் ரயில் நிலையங்கள் பலவும் பிரம்மாண்டமான கட்டடங்கள், கூட்டமோ குறைவு. இரவில் மேலே நடைமேடையிலிருந்து கீழே சாலைக்கு வந்து சேரும் படிக்கட்டும் நடைவழியும்தான் சிக்கல். அந்த வழியாக வருவதாக இருந்தால் இரவு பத்து மணிக்கு ஒரு தடவை இறங்கிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

வீட்டைப் பகலில் பாருங்கள், தெருவை வெள்ளி அல்லது சனி இரவில் பாருங்கள். டாஸ்மாக் கடை 10 மணிக்கு மூடும், அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் எந்தப் பக்கம் கலைகிறது என்று அப்போதுதான் தெரியும். மகள் முன்னால் தனியாக நடக்கட்டும், அப்பா ஐம்பதடி பின்னால் வரட்டும். சேர்ந்து நடந்தால் அந்தத் தெரு மகளிடம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாது. நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் வேறு வீடு பாருங்கள். வழியில் உள்ள விளக்குக் கம்பங்களை எண்ணுங்கள். பத்தில் ஒன்று எரியாவிட்டால் பரவாயில்லை, மாநகராட்சிக்கு 1913இல் புகார் சொல்லலாம். மூன்று நான்கு எரியவில்லையென்றால் அந்தத் தெருவில் புகார் சொல்ல ஆளே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், தள்ளுவண்டி இட்லிக்கடை என்று அந்த நேரத்தில் திறந்திருக்கும் இரண்டு கடையாவது வழியில் வேண்டும். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்திருக்கும் இடங்களில் நடைபாதை மறைந்து ஒற்றையடிப் பாதையாகியிருக்கும், அதையும் கவனியுங்கள். அங்கே நின்றபடியே செல்போனில் ஆட்டோ தேடிப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகியும் வண்டி கிடைக்கவில்லையென்றால், அவசரத்துக்கும் கிடைக்காது.

செல்போன், செயின் பறிப்பவர்கள் பைக்கில் வந்து பைக்கில் தப்பிப்பவர்கள். இரண்டு முனையும் பெரிய சாலையில் திறக்கும் நேர்த்தெருதான் அவர்களுக்கு வசதி. முட்டுச்சந்தில் நுழைந்தால் திரும்பி வந்தாக வேண்டும் என்பதால் தயங்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும் அகலச்சாலையைவிட, உள்ளே வளைந்து முடிகிற, ஆள் குடியிருக்கும் சின்னத்தெரு பல நேரம் மேல்.

“இங்க சேஃப்டியா?” என்று யாரிடமும் கேட்காதீர்கள். எல்லோரும் “ஒண்ணும் பயமில்லம்மா” என்பார்கள். இஸ்திரி போடுபவர், மருந்துக்கடைப் பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள், இவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: “ராத்திரி லேட்டானா நீங்க எந்த வழியா வீட்டுக்குப் போவீங்க? இந்தத் தெருவுல கடைசியா போன் பறிச்சது எப்போ?” குறுக்கு வழியை விட்டுச் சுற்று வழியில் போவதாக இரண்டு பெண்கள் சொன்னால் அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

காவல்துறைக் கணக்கைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் காவல் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து முதல் தகவல் அறிக்கைகளைப் பார்க்கலாம். அதற்கு முன் அந்தத் தெரு எந்த நிலையத்தில் வருகிறது, எந்த ஆணையரகம் என்று விசாரியுங்கள். 2022 ஜனவரி 1 முதல் சென்னைக் காவல் மூன்றாகப் பிரிந்து தாம்பரம், ஆவடி தனி ஆணையரகங்கள் ஆகிவிட்டன. அறிக்கைகளில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவைத் தேடுங்கள், அது பறிப்பு. 305 என்பது வீட்டுத் திருட்டு போன்றவை. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளில் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளே இருக்கும்.

ஆனால் உங்களை அதிகம் கவலைப்படுத்துவது அந்தப் பட்டியலில் இருக்காது. முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றத்தான். அது சரியான ஏற்பாடு, ஆனால் பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. போன் தொலைந்தது, தெருவில் கிண்டல் போன்ற புகார்கள் பல, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடும், வழக்கு எண்ணே வராது. வழக்கு அதிகமுள்ள நிலையம் மோசமான பகுதி என்றும் சொல்லமுடியாது. புகாரை மறுக்காமல் பதிவு செய்கிற நிலையமாக இருக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு வேறு என்றுதான் எச்சரிக்கிறது.

கண்ணகி நகர் பற்றி ஒரு வார்த்தை. நகரின் பல இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. ஏழைகள் இருப்பதை ஆபத்து என்று படிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இரவு பதினொன்றுக்கும் வாசலில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நெருக்கமான தெருவில் நடப்பது, இருபுறமும் கம்பெனி மதிற்சுவர் மட்டுமே உள்ள சாலையில் நடப்பதைவிடப் பயம் குறைந்தது.

வெள்ளத்தைப் பற்றி உங்கள் நாத்தனார் சொன்னது சரி. 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றது. பள்ளிக்கரணை சதுப்புநிலம், தண்ணீர் இயல்பாக அங்கேதான் போகும். 2024இல் தென்பெண்ணை வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் மாடியில் வீடு என்றால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கரண்டு போய், கழிவுநீர் கலந்து, தெருவில் இறங்க முடியாமல் இரண்டு நாள் ஒரு பெண் தனியாக மாட்டிக்கொள்வதும் பாதுகாப்புப் பிரச்சினைதான். மீட்டர் பெட்டியைப் பாருங்கள். தெருவில் எல்லா வீட்டிலும் அதை ஆளுயரத்துக்கு மேலே ஏற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். படிக்கட்டுக்குக் கீழே, பெயின்ட் அடிக்காத மூலையில் பழுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தரைத்தளக் கதவின் நிலைப்படியில் பின்னால் கட்டிய செங்கல் மேடு இருந்தாலும் அதே கதைதான்.

இவ்வளவையும் நவம்பருக்குள் செய்ய முடியாது. அதனால் முதலில் விடுதி. தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் கிளம்புங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் அடையாறு, தாம்பரம் போன்ற இடங்களில் இருக்கின்றன, இடம் கிடைக்குமா என்று முதலில் அங்கே கேளுங்கள். தனியார் விடுதியில் “சிசிடிவி இருக்கு” என்றால், நேற்று இரவு பத்து மணிப் பதிவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேமரா இருக்கும், பதிவு இருக்காது. வருகைப் பதிவேட்டைப் புரட்டி, கடைசியாக எழுதிய தேதி என்ன என்று பாருங்கள்.

விடுதியில் திருடனைவிட நெருப்புக்குப் பயப்படுங்கள். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பற்றிய தீ இரண்டு உயிர்களைக் கொண்டுபோனது. பல விடுதிகளில் ஒரே படிக்கட்டு, அதன் கீழே கேஸ் சிலிண்டர், இரவில் கேட்டுக்குப் பூட்டு, சாவி வார்டனிடம். அந்த வார்டன் எந்த மாடியில் தூங்குகிறார் என்று கேளுங்கள். இரண்டாவது வழி இல்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

எங்கே தங்கினாலும், ஞாயிறன்று கடலூரிலிருந்து திரும்பும் பயணத்தைக் கணக்கில் சேருங்கள். ஜி.எஸ்.டி. சாலை வழியாக வந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து பெருங்குடிப் பக்கம் வர இன்னொரு நீண்ட பயணம் பாக்கி இருக்கிறது. புதுச்சேரி, ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழி வண்டி என்றால் எங்கெங்கே நிற்கும் என்று நடத்துநரிடம் கேட்டு, இருட்டுவதற்குள் போய்ச் சேரும் வண்டியில் ஏற்றிவிடுங்கள். அவசர எண் 112, பெண்களுக்கான உதவி எண் 181, இரண்டும் மகளின் போனில் இருக்கட்டும்.

வாடகை வீட்டை ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். மழை முடிந்திருக்கும், பொங்கலுக்கு வெள்ளையடித்திருக்கமாட்டார்கள், தண்ணீர் எதுவரை வந்தது என்பது சுவரிலேயே தெரியும்.