வீடியோ எடிட்டிங் படிக்க வைக்கலாமா? சுங்கை சிப்புட் தாயார் ஒருவருக்குப் பதில்

மதிப்புக்குரிய அம்மா,

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத்தின் இறுதித் தேர்வு) எழுதி முடித்த உங்கள் மகன் வீடியோ எடிட்டிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதையும், தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டிச் சேர்த்த பணம் பயனில்லாத படிப்பில் கரைந்துவிடுமோ என்று நீங்கள் அஞ்சுவதையும் கடிதத்தில் படித்தேன். வார இறுதிகளில் அவர் பேனர் அச்சிடும் கடையில் வேலை செய்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

புதிதாகச் சேரும் பையனிடம் முதல் நாளே முழுப் படத்தொகுப்பை யாரும் ஒப்படைப்பதில்லை. பெயர்ப்பட்டை, கடையின் லோகோ, அழைப்பிதழில் உள்ள பிள்ளையார், தாத்தாவின் பழைய புகைப்படம் போன்ற அசையாப் படங்களை எச்.டி. வீடியோவுக்கு ஏற்றபடி தயார் செய்யும் வேலையைத்தான் கொடுப்பார்கள். பார்ப்பதற்குச் சாதாரணமான இந்த வேலையில் கவனம் உள்ளவருக்கு அடுத்த வேலை தானாக வரும். கவனமில்லாதவரை எவ்வளவு பெரிய சான்றிதழும் காப்பாற்றாது.

பேனர் கடைப் பழக்கம் இதற்கு உதவவும் செய்யும், இடைஞ்சலாகவும் நிற்கும். அச்சுக்கு அங்குலமும், ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்று சொல்லும் டி.பி.ஐ.யும் முக்கியம். வீடியோவுக்கு அங்குலமே கிடையாது, முழு எச்.டி. திரை என்பது அகலத்தில் 1920, உயரத்தில் 1080 பிக்சல் (படப்புள்ளி), அவ்வளவுதான். அந்த அளவுள்ள கோப்பில் டி.பி.ஐ. 72 என்று குறித்திருந்தாலும் 300 என்று குறித்திருந்தாலும் திரையில் தெரிவது ஒரே படம். பத்தடிக்கு நாலடி பேனரை அங்குலத்துக்கு 100 பிக்சல் வீதம் வரைந்தால் அது 12000-க்கு 4800 பிக்சலாகிவிடும். அதை அப்படியே எடிட்டிங் மென்பொருளில் இறக்கினால் கணினி திணறுவதைத் தவிர வேறு பயன் இல்லை. நிறமும் அப்படித்தான்: அச்சு மைகளின் நிறமுறையான சி.எம்.ஒய்.கே. கோப்பைப் பல எடிட்டிங் மென்பொருள்கள் ஏற்பதில்லை, ஆகவே திரைக்குரிய நிறமுறையான ஆர்.ஜி.பி.க்கு மாற்றி, மாறிய நிறங்களைக் கண்ணால் சரிபார்த்துவிட்டே அனுப்ப வேண்டும்.

பழைய புகைப்படங்களில்தான் பையன்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியும் தொழிலாளர்களும் வரிசையாக நிற்கும் 5 அங்குல அகலப் படம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் அகலம் 1500 பிக்சல்தான் கிடைக்கும், எச்.டி. திரையை நிரப்பவே அது போதாது. 600-இல் செய்தால் 3000 கிடைக்கும், திரையும் நிரம்பும், கொஞ்சம் நெருங்கிக் காட்டவும் இடமிருக்கும். ஆனால் முழு வரிசையிலிருந்து மெல்ல நகர்ந்து, படத்தின் பாதி அகலமே திரை முழுவதையும் அடைக்கும்படி தாத்தாவை நெருங்க வேண்டுமென்றால் 3840 பிக்சல் தேவைப்படுகிறது, அதற்கு 1200-இல் ஸ்கேன் செய்வதே வசதி. இந்தக் கணக்கை ஸ்கேன் செய்வதற்கு முன்பே போட வேண்டும், படத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு அல்ல. அப்போதும், காகிதத்தில் இல்லாத விவரத்தை ஸ்கேனர் உண்டாக்கித் தராது. முகம் மங்கலாக இருக்கும் படத்தில் நெருங்காமல் விடுவதும் இந்தத் தொழிலில் ஒரு தேர்ச்சிதான்.

பின்னணி இல்லாமல் மிதக்க வேண்டிய லோகோவை ஜேபெக்காகச் சேமித்தால் அதைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வந்து நிற்கும். ஒளிபுகும் பின்னணியைத் தாங்குவது பி.என்.ஜி. போன்ற வடிவங்களே. எழுத்துகளைத் திரையின் விளிம்பில் ஒட்டாமல், நடுவில் உள்ள 90 விழுக்காட்டுக்குள், அதாவது 1728-க்கு 972 பிக்சலுக்குள் அடக்குவது நல்லது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் பயன்படும் இன்டர்லேஸ் முறையில் படத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிக் காட்டப்படுவதால், ஒரே பிக்சல் தடிமனுள்ள கிடைக்கோடு துடித்துக்கொண்டே இருக்கும். அதை இரண்டு மூன்று பிக்சலாகத் தடிப்பாக்கினால் அடங்கிவிடும்.

தமிழ் எழுத்து நம் பிள்ளைகளுக்கே உரிய வாய்ப்பு என்று நான் கருதுகிறேன். சில எடிட்டிங் மென்பொருள்களில் தமிழைத் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத தொகுப்பாளர் அதை அப்படியே வெளியிட்டுவிடுவார், மணமகள் பெயர் சிதைந்து ஓடும். தமிழைச் சரியாகக் காட்டும் மென்பொருளில் பெயரை அமைத்து, பி.என்.ஜி. படமாக மாற்றிக் கொடுத்தால் அந்தச் சிக்கல் தீரும். கணினியில் தமிழுக்கு முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர்தாம் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

இனி படிப்பைப் பற்றி. அரசின் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமாவும் உள்ளன. அங்கீகாரம் பெற்ற மையத்தில் சேர்பவர் பி.டி.பி.கே. என்னும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். மையத்துக்கு அங்கீகாரம் உண்டு என்று சொன்னால் மட்டும் போதாது. நீங்கள் சேர்க்கப்போகும் அதே பயிற்சிக்கும் அதே நிலைக்கும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பாலிடெக்னிக், சமுதாயக் கல்லூரி ஆகியவற்றையும் பார்த்துவிட்டே தனியார் கல்லூரியின் விளம்பரத்தைக் கையில் எடுங்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைப்பதற்கே மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும் என்பதால், முடிவு வரும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். விலையுயர்ந்த மடிக்கணினியும் இப்போது வேண்டாம். படங்களுக்கு கிம்ப்பும், தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் பழகுவதற்குப் போதும்.

அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது தம்பியையும் அழைத்து வாருங்கள். உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்கள் பத்தை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர்ப்பட்டை அமைத்து, இரண்டு நிமிட வீடியோவாக அவர் கொண்டு வரட்டும். வீடியோவை மட்டுமல்லாமல், அந்தப் படங்கள் இருக்கும் கோப்புறையையும் நான் திறந்து பார்ப்பேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.