இட்டௌமா ஏழாம் சுற்றுக்குப் போனால்?

2025 ஆகஸ்ட் 16 அன்று ரியாதில் டில்லியன் வைட்டை முதல் சுற்றிலேயே சாய்த்தார் பிரிட்டனின் இளம் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் மோசஸ் இட்டௌமா. நமக்கு அது ஞாயிறு விடியற்காலை. அதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி, இந்த இளைஞரைப் பழைய ஜாம்பவான்களோடு மோதவிடும் கேள்விகள்தான். நடக்கவே முடியாத சண்டைகள் என்பதால் துணிந்து பதில் சொல்கிறேன்.

இருபது வயது டைசனும் இருபது வயது இட்டௌமாவும் மோதினால் யார் வெல்வார்? (ஈசூன் வாசகர்)

டைசன். 1986 நவம்பரில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் வாங்கும் முன்பே அவர் கையில் 27 வெற்றிகள் இருந்தன. அதே ஆண்டு ஜேம்ஸ் டில்லிஸும் மிட்ச் கிரீனும் பத்துச் சுற்றும் தாக்குப்பிடித்து அவரைச் சோதித்தார்கள். நாக்அவுட் வராத இரவை எப்படிக் கடப்பது என்று டைசனுக்கு அப்போதே தெரியும். இட்டௌமாவுக்கு வைட் சண்டையோடு சேர்த்து 13 வெற்றி, 11 நாக்அவுட். அந்த 13இல் எதுவும் ஆறு சுற்றைத் தாண்டவில்லை. உயரமும், இடதுகைக்காரர் என்பதும் இட்டௌமாவுக்குச் சாதகம். முதல் இரண்டு சுற்றில் டைசனே தரையைத் தொட்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நான்காம் சுற்று மணி அடித்துவிட்டால் என் ஓட்டு டைசனுக்கு.

ஃபோர்மன் ஜோ ஃபிரேசியரைப் பந்தாடினார். இட்டௌமாவும் அதைத்தானே செய்வார்? (தெம்பனிஸ் வாசகர்)

கிங்ஸ்டன், 1973 ஜனவரி 22. இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை விழுந்தார் ஃபிரேசியர். இந்த ஒரு சண்டையை வைத்தே அவரை எடைபோடுகிறவர்கள் அதிகம். ஃபோர்மன் செய்ததைக் கவனியுங்கள்: இரண்டு கைகளாலும் தோளைப் பிடித்துத் தள்ளி, தன் குத்துக்கு வசதியான தூரத்தில் எதிரியை நிறுத்தி, குனிந்து வருபவரின் முகத்துக்குக் கீழிருந்து அப்பர்கட் விட்டார். அந்த முரட்டுத் தள்ளல் இட்டௌமாவின் பாணியில் இல்லை. அவர் வேகமாக மூன்று நான்கு குத்துகளைத் தொடுத்துவிட்டு விலகி நிற்பவர்.

ஆனாலும் ஃபிரேசியருக்கு ஆபத்து உண்டு. அவர் சூடேற நேரம் எடுப்பவர். 1966இல் ஆஸ்கார் பொனவேனா இரண்டாம் சுற்றிலேயே அவரை இருமுறை கீழே தள்ளினார். எழுந்து வந்துதான் ஃபிரேசியர் புள்ளிகளில் வென்றார். அவருடைய வலது கை அவ்வளவு பயமுறுத்தியதில்லை. இடதுகைக்காரரை அடிக்க நேர் வலதுதான் சிறந்த ஆயுதம் என்பது பயிற்சிக்கூடத்தில் முதலில் சொல்லித்தரும் பாடம். பக்கவாட்டில் வளைந்து வரும் அவரது புகழ்பெற்ற இடது ஹுக் தலைக்கு வந்தால் இட்டௌமாவின் முன்தோள் பாதி வழியில் மறித்துவிடும்.

அதே ஹுக்கை உடம்புக்கு இறக்கினால் கதை வேறு. இடதுகைக்காரர் வலப்பக்கத்தை முன்னால் நிறுத்துகிறார். கல்லீரல் இருப்பதும் அந்தப் பக்கம்தான். விலாவுக்குக் கீழே அந்த இடது கை சுற்றுக்கு ஐந்தாறு முறை இறங்கினால், ஆறாம் சுற்றில் கால் கனக்கும், ஏழில் கை தாழும். 1971 மார்ச் 8 அன்று ஃபிரேசியரிடம் முகமது அலி பதினைந்தாம் சுற்றில் விழுந்தது ஒரு ஹுக்கால் என்பார்கள். அதற்கு முன் பதினான்கு சுற்று உடம்பில் வாங்கியதை யாரும் சொல்வதில்லை.

என் கணக்கு: ஐந்து சுற்றுக்குள் முடிந்தால் இட்டௌமா, தாண்டினால் ஃபிரேசியர். தாண்டும் என்றே நினைக்கிறேன், சிறிய வித்தியாசத்தில்.

1975இல் கோலாலம்பூரில் அலி சண்டையை நேரில் பார்த்ததாகத் தாத்தா சொல்கிறார். உண்மையா? (பொங்கோல் வாசகர்)

இருக்கலாம், நம்புங்கள். ஜூலை 1, மெர்டேக்கா அரங்கம், ஜோ பக்னருக்கு எதிராக 15 சுற்று, அலி புள்ளிகளில் வெற்றி. இந்த பக்னர் நம் விவாதத்துக்கும் ஒரு சாட்சி. உயரமானவர், நல்ல ஜேப் (முன்கையால் விடும் நேர்குத்து) உள்ளவர். 1973இல் லண்டனில் ஃபிரேசியரோடு 12 சுற்றும் நின்று புள்ளிகளில்தான் தோற்றார். உயரமும் ஜேப்பும் இருந்தால் ஃபிரேசியரிடம் உயிர் பிழைக்கலாம். வெல்ல இன்னும் கொஞ்சம் வேண்டும்.

தோற்காமலே ஓய்வு பெற்ற மார்சியானோவை இந்தக் காலத்துப் பையன் அசைக்க முடியுமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

முடியும். 49 வெற்றி, 43 நாக்அவுட் என்ற கணக்கை நானும் வணங்குகிறேன். ஆனால் அவர் எடை சுமார் 84 கிலோ. இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூஸர்வெயிட்டின் உச்சவரம்பே 90.7 கிலோ. இட்டௌமா நூறு கிலோவைத் தாண்டியவர். இன்னொன்று: 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் மார்சியானோ முதல் சுற்றிலேயே விழுந்தார், புள்ளிகளிலும் பின்தங்கியிருந்தார், 13ஆம் சுற்றில் ஒரே வலது கையால் பட்டத்தைப் பறித்தார். இன்றைய பட்டச் சண்டை 12 சுற்றோடு முடிந்துவிடும்! அந்த வலது கை இடதுகைக்காரருக்கு எதிராகப் பொருத்தமான ஆயுதம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

டைசன், ஃபிரேசியர், மார்சியானோ என்று நெருக்கி அடிப்பவர்கள் வரிசையில் ஃபோர்மனை ஏன் சேர்ப்பதில்லை? (சிராங்கூன் வாசகர்)

சேர்க்கலாம். ஆனால் இட்டௌமா மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் இருக்கிறது.

என் மகனுக்குப் பதினைந்து வயது. டைசன் மாதிரி நெருக்கி அடிக்கத்தான் கற்பானாம். விடலாமா? (அங் மோ கியோ வாசகர்)

கற்கட்டும், முதலில் கால் நகர்த்துவதை. நெருக்குவது என்றால் குத்து வாங்கிக்கொண்டே முன்னால் நடப்பது என்று பையன்கள் நினைக்கிறார்கள். எதிரி எந்தப் பக்கம் விலகுவாரோ அங்கே ஒரு அடி முன்னதாகப் போய் நின்று, அவரைக் கயிற்றோரம் ஒதுக்குவதுதான் வேலை. தலை ஓரிடத்தில் நிற்கவே கூடாது. ஹெவிவெயிட் கனவெல்லாம் இப்போது வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக ரிங்கில் ஏறி, 1974 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்ற நம் சையது அப்துல் காதிர் லைட் ஃபிளைவெயிட் பிரிவுக்காரர். சேர்ந்த முதல் மாதமே மகனை ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) இறக்கும் பயிற்சியாளர் என்றால், வேறு இடம் பாருங்கள்.