தெலுங்கு தெரிந்த இரண்டு பேர்

ஐயா, வணக்கம். எங்கள் சபை வாலிபர்கள் மே விடுமுறையில் தருமபுரிப் பக்கம் மூன்று நாள் ஊழியப் பயணம் வர இருக்கிறோம். ஒரு நாள் சிறை, இரண்டு நாள் இலங்கைத் தமிழர் முகாம்கள். போர்வை, சோப்பு, வேதாகமம் வாங்கக் காணிக்கை சேர்ந்துவிட்டது. ஆனால் ‘போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பத்தான் போகிறோம், யாருக்கு என்ன பயன்?’ என்று எங்களுக்குள்ளேயே சிலர் கேட்கிறார்கள். நீங்கள் அந்த ஊர்க்காரர். என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

வாருங்கள். ‘காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்’ என்று இயேசு சொல்லும் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தைப் படித்தவர்கள் சிறைக்குப் போகலாமா வேண்டாமா என்று கூட்டம் போட என்ன இருக்கிறது? ஆனால் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல்வேன்.

தருமபுரி சிறையில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் விசாரணைக் கைதிகளை. அவர்களுக்கு சோப்பைவிட அவசரம் ஜாமீன்தாரர். ஜாமீன் கிடைத்தும் பிணை நிற்க ஆளில்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஏழைக் கைதிகளுக்காக ஒன்றிய அரசு 2023-இல் கொண்டுவந்த திட்டத்தில் ஜாமீன் தொகைக்கு உதவி உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவும் இருக்கிறது. முதல்முறை வழக்கில் சிக்கியவர், உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது அது. கொலை போன்ற பெரிய வழக்குகளுக்கும், பல வழக்கு உள்ளவர்களுக்கும் பொருந்தாது. இதையெல்லாம் வீட்டாருக்கு யாராவது எடுத்துச் சொல்லி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளே பாடுங்கள், ஜெபியுங்கள். ‘இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்’ மட்டும் வேண்டாம். எழுந்து போக முடியாதவன் உயர்த்தும் கையை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

அப்புறம், ஒரு நாளை சித்தேரி மலைக்கு ஒதுக்குங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் சித்தேரிக்காரர்களும் உண்டு. செம்மர வழக்கில் பிடிபட்டு ஆந்திரச் சிறைகளுக்குப் போனவர்களின் குடும்பங்களும் அந்த மலையில் இருக்கின்றன. கூலிக்குப் போகிற பெண் எத்தனை பஸ் மாறிப் போய் மனு போட்டுப் புருஷனைப் பார்ப்பாள்? ஒரு பெண் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நாலாக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே தேய்ந்திருந்தது. கோர்ட்டிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும். முழுக்கத் தெலுங்கு. அரூரில் ஒரு துணிக்கடைக்காரர்தான் படித்துச் சொன்னார், வாய்தா தேதி என்று. அந்தத் தேதி அதற்கு முந்தின மாதமே போய்விட்டது.

ஓசூரில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் எத்தனை பேர்! உங்கள் சபையிலும் இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேர், ஒரு நோட்டு, பேனா. போர்வை மூட்டையைவிட இதற்குத்தான் அங்கே வேலை அதிகம். வழக்கு விவரத்தைக் குறித்துக்கொண்டு போய், வழக்கு நடக்கும் ஊரின் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போன் செய்து கேளுங்கள். ஊழியம் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தொடங்கும்.

முகாம்களைப் பற்றிச் சுருக்கமாக. தும்பலஹள்ளி, நாகாவதி, பாம்பாறு என்று இந்தப் பக்கம் பல முகாம்கள் அணையோரத்தில்தான் இருக்கின்றன. முதலில் அந்தந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். வாங்காமல் போனால் நீங்கள் கிளம்பிய பிறகு விசாரிக்கப்படுவது அவர்கள்தான். 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது, பணக்கொடை உயர்ந்தது, புது வீடுகளும் அறிவிக்கப்பட்டன. மாறாதது குடியுரிமைப் பிரச்சினை. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது. இங்கேயே பிறந்து இன்ஜினியரிங் முடித்த பிள்ளைக்கும் அரசு வேலை இல்லை. தனியார் கம்பெனியிலும் ஆவணம் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஆளெடுக்கும் எச்.ஆர். வேலையில் இருக்கும் உங்கள் சபையாரை முகாமுக்குக் கூட்டிவாருங்கள். அவரே நேரில் பேசட்டும்.

போட்டோ விஷயம்: சிறையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், பிரச்சினை இல்லை. மலையிலும் முகாமிலும் நீங்களே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மே வேண்டாம். கோர்ட் பக்கம் விடுமுறைக் காலம், வக்கீல்களைப் பிடிப்பது கஷ்டம். ஜூன் இரண்டாம் வாரம் வாருங்கள். சித்தேரிக்கு அரூரிலிருந்து பஸ் குறைவு, வேன் பேசிக்கொள்ளுங்கள்.