வாங்கும் முன்: பாயின்ட் கணக்கில் ஒரு விடுமுறை

கோடை நெருங்கினால் ரிசார்ட் மெம்பர்ஷிப் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் எட்டைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் பள்ளி ஆசிரியர்கள். இரண்டு பிள்ளைகள். 25 வருட விடுமுறை மெம்பர்ஷிப், வரியோடு 5 லட்சம் ரூபாய். வருடத்துக்கு 70 பாயின்ட். பராமரிப்புச் சந்தா வருடம் 18,000, ஜி.எஸ்.டி. தனி. "வருடம் ஏழு நாள், எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்" என்கிறார்கள். பாயின்ட் அட்டவணையைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். சேரலாமா? – ஆர்.கே., சேலம்

பதில்: அட்டவணையைக் கேட்டு வாங்கினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் அது இருப்பதே தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தப் படத்தை வைத்தே பேசுவோம். தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் உங்கள் பாயின்டிலிருந்துதான் கழிப்பார்கள். நீங்கள் நால்வரும் தங்கக்கூடிய அறைக்கு ஜூலை மாத வாரநாளில் ஓர் இரவுக்கு 6 பாயின்ட். மே மாதத்தில் அதே அறைக்கு 14. ஆக, 70 பாயின்டுக்கு ஜூலையில் 11 இரவு தங்கலாம், மே மாதத்தில் 5 இரவுதான். நீங்கள் ஆசிரியர்கள். உங்களுக்கு லீவு கிடைப்பது மே மாதம், காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை. மூன்றுமே அட்டவணையில் விலை கூடிய நாட்கள். உங்களிடம் "ஏழு நாள்" என்றவர் உங்கள் வேலை என்ன என்று கேட்டாரா?

இப்போது பணம். 5 லட்சத்தை வங்கியில் ஆறரை சதவீத வட்டிக்குப் போட்டால் வருடம் 32,500 ரூபாய் வரும், முதலும் அப்படியே இருக்கும். சந்தா, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 21,240. சேர்ந்தால் இழக்கும் வட்டி, கட்டும் சந்தா இரண்டையும் கூட்டினால் 53,740. மே மாதத்து ஐந்து இரவுக்கு வகுத்துப் பாருங்கள்: ஓர் இரவுக்கு 10,700 ரூபாய்க்கு மேல் ஆகிறது. சாப்பாடு, போக்குவரத்து தனி. ஊருக்கு வெளியே இருக்கிற ரிசார்ட்டில் நான்கு பேர் மூன்று வேளை சாப்பிட்டால் பில் எவ்வளவு வரும் என்று ஒருமுறை போனைப் போட்டு விசாரியுங்கள்.

சந்தாவும் நிற்காது. வருடம் 6 சதவீதம் ஏறுவதாக வைத்தால் 12 வருடத்தில் இரண்டு மடங்காகும். கடைசி வருடம் ஏறக்குறைய 86,000 ரூபாய். 25 வருடத்தில் சந்தாவாக மட்டும் பதினொன்றரை லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். போகாத வருடத்துக்கும் சந்தா உண்டு.

இன்னொன்று. உங்கள் அட்டையில் உள்ள 70 என்ற எண் மாறாது. ஆனால் ஓர் இரவுக்கு எத்தனை பாயின்ட் என்பதைப் பெரும்பாலும் நிறுவனமே அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். இன்று 14 கேட்கும் அறை பத்து வருடம் கழித்து 18 கேட்டால் உங்கள் ஐந்து இரவு மூன்றாகிவிடும். அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். சந்தா உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா, பயன்படுத்தாத பாயின்ட் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும், எத்தனை மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும், நடுவில் விலகினால் என்ன திரும்பி வரும் என்பதையும் அதிலேயே தேடுங்கள்.

என் பதில்: சேர வேண்டாம்.

கேள்வி: மாலில் கார் பரிசு என்று கூப்பன் எழுதிப் போட்டோம். கார் இல்லை, ஆனால் "3 நாள் 2 இரவு இலவசத் தங்கல்" விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று தினமும் போன். போகலாமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: போகாதீர்கள். கூப்பனில் போன் நம்பர் எழுதிய எல்லோருக்கும் அந்தப் பரிசு விழும்.

கேள்வி: ஞாயிறன்று ஹோட்டல் ஹாலுக்கு அழைத்தார்கள். நான்கு மணி நேரம் பேசினார்கள். 60,000 ரூபாய் முன்பணத்தை கார்டில் கொடுத்தோம், மீதிக்கு மாதத் தவணை. இரவே மனைவி அழுதுவிட்டாள். இன்று செவ்வாய். வெளியே வர முடியுமா? – எம்.எஸ்., கோயம்புத்தூர்

பதில்: முதலில் செய்ய வேண்டியது. ஒப்பந்தத்தில் ரத்து பற்றிய பகுதியை இன்றே பாருங்கள். சில நிறுவனங்கள் தாங்களாகவே சில நாள் அவகாசம் தருகின்றன. இருந்தால் அந்த நாட்களுக்குள் "ரத்து செய்கிறேன், முழுப் பணத்தையும் திருப்புங்கள்" என்று நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். அதையே ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவகாசம் பற்றி ஒன்றும் இல்லாவிட்டாலும் இன்றே எழுதுங்கள். போனில் பேசுவது கணக்கில் வராது. "மேனேஜர் வந்ததும் பேசுகிறோம்" என்று இழுப்பது நாள் கடத்தத்தான். கார்டு வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தவணைக்காகக் கைப்பேசியிலேயே கடன் போட்டிருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி டிஜிட்டல் கடனிலிருந்து அபராதமில்லாமல் வெளியேற ஒரு சிறு அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்று கடன் ஆவணத்தில் இருக்கும்; முடிந்துவிடுவதற்குள் பாருங்கள்.

மனைவியிடம் சொல்லுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2008இல் நானும் இப்படி ஒரு ஹாலில் உட்கார்ந்தேன். பெண்ணுக்குக் கிரேயானும் பலூனும் கொடுத்துத் தனி மேசைக்கு அழைத்துப் போனார்கள். எதிரே இருந்த இளைஞர் ஒரு வெள்ளைத் தாளில், எங்களுக்கு நேராகத் தெரியும்படி, தலைகீழாகவே எழுதிக்கொண்டு போனார். ஹோட்டல் அறை இவ்வளவு, ஏழு நாள், 25 வருடம், பெருக்கினால் இத்தனை லட்சம் என்று வட்டம் போட்டார். பக்கத்து மேசையில் யாரோ கையெழுத்துப் போட, ஹாலே கைதட்டியது. நாங்களும் போட்டோம், 1,35,000 ரூபாய். எழுந்தபோது அந்தத் தாளைக் கேட்டேன். "ரஃப் ஒர்க் சார், உங்களுக்கு ஒப்பந்தமே வருமே" என்று மடித்துத் தன் பைலுக்குள் வைத்துக்கொண்டார். வாக்குறுதி எல்லாம் அந்தத் தாளில்தான் இருந்தது. வந்த ஒப்பந்தத்தில், வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்று அச்சிட்டிருந்தது. பத்து வருடத்தில் இரண்டு முறைதான் போனோம். பதினோராம் வருடம் சந்தாவை நிறுத்தினேன், மெம்பர்ஷிப்பும் போயிற்று.

பதினைந்து வருடத்துக்கும் மேலாக நான் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான்: இந்த விற்பனைக்கு நம் நாட்டில் சட்டப்படி ஒரு யோசனைக் காலம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1994லேயே டைம்ஷேர், அதாவது வருடத்தில் சில நாள் விடுதியில் தங்கும் உரிமை வாங்குவோருக்கு மனம் மாற 10 நாள் கொடுத்து, அந்த நாட்கள் முடியும்வரை முன்பணம் வாங்குவதையே தடை செய்தார்கள். 2008இல் வந்த விதி அந்த அவகாசத்தை 14 நாளாக்கியது, முன்பணத் தடையும் தொடர்ந்தது. இங்கே ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுத்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க 30 நாள் இருக்கிறது. இணையதளத்திலும் செயலியிலும் "இன்னும் சில நிமிடம்தான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் தவறு என்று பெயரிட்டுச் சொல்லிவிட்டது. ஆனால் குளிரூட்டிய ஹாலில் நேருக்கு நேர் உட்காரவைத்து, "இந்த விலை இன்று மட்டும், வெளியே போனால் கிடையாது" என்று 25 வருடக் கடமையைத் தலையில் கட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை. நாளைக் காலை வரை பொறுக்காத விலை நேர்மையான விலையாக இருக்க முடியாது. வீட்டுக்குப் போய், ராத்திரி தூங்கி எழுந்து, காலையில் கணக்குப் போடக் குடும்பத்துக்கு அவகாசம் கொடுத்தால் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

எம்.எஸ்., நாளை என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே எழுதுங்கள்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு சேர்ந்தேன். வருடச் சந்தா இருப்பதே யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை இன்னும் படிக்கவில்லை, 40 பக்கம் இருக்கிறது. போன மாதம் "அப்கிரேடு செய்தால் சரியாகிவிடும்" என்றார்கள், இன்னும் 1.8 லட்சம் கட்டினேன். இப்போது சந்தாவும் கூடிவிட்டது. – ஈரோடு வாசகர்

பதில்: முதல் தடவை ஏமாந்தீர்கள், அதற்கு வருத்தப்படுகிறேன். இரண்டாவது தடவைக்கு என்ன சொல்ல? மூன்று வருடமாக 40 பக்கத்தைப் படிக்க நேரமில்லாதவருக்கு 1.8 லட்சம் கொடுக்க ஒரு மாலை கிடைத்திருக்கிறது. மொபைல் வாங்கும்போது நான்கு கடை ஏறி இறங்குகிறோம் இல்லையா? இந்த ஞாயிறு உட்கார்ந்து அத்தனை பக்கத்தையும் படித்து, சந்தா, விலகல் பற்றிய வரிகளை அடிக்கோடிட்டு அனுப்புங்கள். அதன்பிறகு பதில் சொல்கிறேன்.

கேள்வி: மாமனாரிடம் 90களில் வாங்கிய 99 வருட டைம்ஷேர் இருக்கிறது. அதை 9 லட்சத்துக்கு வாங்க ஆள் தயார், ஜி.எஸ்.டி.யும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கட்டணமும் முதலில் கட்டுங்கள் என்று ஒருவர் போன் செய்கிறார். – தஞ்சாவூர் வாசகி

பதில்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள் அம்மா. விற்க முடியாமல் தவிப்பவர்களைத் தேடிப்பிடித்துச் செய்யும் மோசடி இது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் தெருக்காரர் ஏஜென்ட். ரிசார்ட் இரவுகளை முன்கூட்டியே வாங்க வேண்டுமாம். தங்காவிட்டால் சில வருடத்தில் பணம் கூடுதலாகத் திரும்ப வருமாம். நல்ல முதலீடா? – மதுரை வாசகர்

பதில்: பான்கார்டு கிளப்ஸ் என்ற பெயர் நினைவிருக்கிறதா? இதே மாதிரிதான் அறை இரவுகள் என்று சொல்லி, நாடு முழுக்க 50 லட்சம் பேருக்கு மேல், 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. அது அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று முடிவுசெய்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி 2016இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி உத்தரவிட்டது. கட்டியவர்களில் பெரும்பாலோர் சிறுகச் சேர்த்த குடும்பங்கள். பணம் கைக்கு வர அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தங்காததற்குப் பணம் தருகிறேன் என்றால் அது ரிசார்ட் தொழிலே இல்லை. தெருக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். சொல்லிவிடுங்கள்.

கேள்வி: யாருக்குமே இது பயன்படாதா? என் அண்ணன் பதினைந்து வருடமாக உறுப்பினர், சந்தோஷமாக இருக்கிறார். – நாகர்கோவில் வாசகர்

பதில்: பயன்படும். அண்ணன் ஓய்வு பெற்றவரா? சொந்தத் தொழிலா? பள்ளி போகும் பிள்ளைகள் இல்லாமல், ஜூலையிலோ பிப்ரவரியிலோ வாரநாளில் கிளம்பக்கூடியவராக, மாதக்கணக்கில் முன்பே திட்டமிடுபவராக இருந்தால் அதே பாயின்டுக்கு இரட்டிப்பு நாள் கிடைக்கும். கடன் வாங்காமல் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. மற்றவர்கள் ஒரு ரெக்கரிங் டெபாசிட் போட்டு, ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு உட்பட நாலு இடத்தில் விலை கேட்டுப் பதிவு செய்துகொள்வதே மேல். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்க மறக்காதீர்கள். 2024 மே முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: ஆறு வருடமாக உறுப்பினர். 3.2 லட்சம் கட்டினோம், சந்தா ஒரு தடவையும் தவறியதில்லை. ஒரு மே மாதம்கூட அறை கிடைத்ததில்லை. பதிவு திறக்கும் நாளில் காலையிலேயே உட்காருவேன், "அறை இல்லை" என்று வரும். அதே தேதிக்கு, அதே ரிசார்ட்டில், வெளி புக்கிங் தளங்களில் பணத்துக்கு அறை கிடைக்கிறது. போன வருடப் பாயின்டும் காலாவதியாகிவிட்டது. பிள்ளைகள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில். – எல்.வி., தாம்பரம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. கட்ட வேண்டியதைக் கட்டினீர்கள், சொன்ன நேரத்தில் கேட்டீர்கள். உறுப்பினருக்கு இல்லாத அறை வெளியாருக்கு விலைக்கு இருக்கிறது என்றால், அது சேவைக் குறைபாடு என்று வாதாட உங்களுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது.

இனிமேல் "அறை இல்லை" என்று வரும் ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதே நிமிடம் வெளித் தளத்தில் அந்த அறை விற்பனைக்கு இருப்பதையும் எடுங்கள். இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பழைய மின்னஞ்சல்கள், சந்தா ரசீதுகள், விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒரே பைலில் சேருங்கள்.

நிறுவனத்துக்கு 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், தலைமையகம் எங்கே இருந்தாலும் சரி. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும் என்பதால், கடைசியாக அறை மறுத்த தேதியையும் பாயின்ட் காலாவதியான தேதியையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

மனுவை உங்கள் சொந்த வார்த்தையில், எனக்கு எழுதியதுபோலவே எழுதுங்கள். அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன்.