வறண்ட பாறை மண்ணில் பைன் எப்படி வளர்கிறது? ராமநாதபுரத்தில் நடலாமா?

பைன் என்பது ஊசி இலையும் பூவுக்குப் பதில் கூம்பும் கொண்ட மரம். இமயமலையின் வறண்ட பாறைச் சரிவுகளில் நிற்கும் சிர் பைன் நம் நாட்டு மரம்தான். ஊசி இலையின் மெழுகுப் பூச்சு நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. அதைவிட முக்கியம் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை. கை எட்டாத கிணற்றுக்கு விட்ட கயிறு மாதிரி, வேர் எட்டாத பாறை இடுக்கிலிருந்து நீரும் பாஸ்பரஸும் எடுத்துத் தருகிறது, பதிலுக்கு மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. அதனால் கன்றின் வேர்மண்ணை உதறாமல் நட வேண்டும்.

ஆனால் மலைக்குளிருக்குப் பழகிய மரத்தை நம் உப்புக்காற்றில் வாட விடாதீர்கள். இங்கே பனையும் குடைவேலமும் வையுங்கள், இந்த மண்ணும் வெயிலும் அவற்றுக்குப் பழக்கம்.

அப்புறம், அரியமான் கடற்கரைச் சவுக்கைப் பலர் பைன் என்கிறார்கள். அது பூக்கும் மரம், ஊசியாகத் தெரிவது இலையே அல்ல, மெல்லிய கிளை.